கூண்டு வண்டியிலிருந்து கப்பல்வரை: திண்டுக்கல் சமவெளியில் குடும்பப் பயணத்தின் வரலாறு

திண்டுக்கல் நகரைச் சுற்றியுள்ள சமவெளி, மேற்கே பழனி மலைத்தொடருக்கும் தென்கிழக்கே சிறுமலைக்கும் இடையே, திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கும் மதுரையிலிருந்து கொங்கு நாட்டுக்கும் செல்லும் வழிகள் வந்து கூடும் இடத்தில் இருப்பதால், அதன் வரலாற்றைப் பெரும்பாலும் படைகளின் வரலாறாகவே எழுதிவந்திருக்கிறார்கள். பாறைமேல் நிற்கும் கோட்டையும், 1755-இல் அங்கே பௌஜ்தாராக, அதாவது படையையும் வரிவசூலையும் ஒருசேரக் கவனிக்கும் அதிகாரியாக, வந்தமர்ந்த ஹைதர் அலியும், 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி அந்தச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனதும் எல்லா நூல்களிலும் இடம்பெறுகின்றன. அதே வழிகளில், பாட்டியும் பேரக்குழந்தையும் ஒரே வண்டியில் அமர, குடும்பங்கள் ஆண்டுதோறும் சென்றுவந்த கதையோ அவ்வளவாக எழுதப்படவில்லை. படை வந்துபோனது சில முறை. குடும்பங்கள் சென்றுவந்ததற்கு இடைவெளியே இல்லை.

இன்று மூன்று தலைமுறையினர் ஒன்றாகக் கப்பலில் சில நாள், கேளிக்கைப் பூங்காவில் சில நாள் என்று விடுமுறையைத் திட்டமிடுவது புதிய வழக்கமாகத் தோன்றினாலும், அதற்குள் இருக்கும் அமைப்பு இந்தச் சமவெளிக்குப் பழையது. குடும்பம் முழுவதும் ஏன் ஒன்றாகப் போக வேண்டும், யார் நாள் குறிப்பது, யார் செலவை ஏற்பது, நடக்க முடியாதவரை எப்படி அழைத்துச் செல்வது, குழந்தைகளுக்கு என்ன வேடிக்கை காட்டுவது, வழியில் யார் சமைப்பது ஆகிய கேள்விகளுக்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை கண்டிருக்கிறது. ஒரு குடும்பம் அதன் மிக மெதுவான ஆளின் வேகத்தில்தான் பயணம் செய்ய முடியும் என்பதால், புதிதாக வந்த ஒவ்வொரு வாகனமும் அதுவரை வீட்டில் விடப்பட்டவர்களில் யாரை வெளியே கொண்டுவந்தது என்று பார்ப்பதே இந்த வரலாற்றைப் படிப்பதற்குச் சரியான வழி.

தொடக்கத்தில் பயணத்துக்குக் காரணமாக இருந்தது நேர்த்திக்கடன். பிள்ளை பிறந்தால், நோய் தீர்ந்தால், கிணற்றில் தண்ணீர் கண்டால் முருகனுக்கு இன்னது செய்வதாக நேர்ந்துகொண்டு, ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்துவிட்டால், அந்தக் கடன் தீரும்வரை குடும்பத்தின் மனம் அமைதி அடையாது. அவற்றுள் முதன்மையானது குழந்தையின் முதல் முடியைப் பழனியில் இறக்குவது. அதோடு சேர்ந்தோ தனியாகவோ நடப்பது காதுகுத்து. இந்த இரு சடங்குகளிலும் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். சீர் கொண்டுவருபவரும் அவரே. ஆகவே தாயின் பிறந்த வீடு வந்தாக வேண்டும். நேர்ந்துகொண்டவர் பெரும்பாலும் தந்தையின் தாய் என்பதால் அவரும் வந்தாக வேண்டும். சம்பந்திகள் இருவரும் கூடுகிற இடத்தில் பெரியப்பாவும் அத்தையும் இல்லாமற்போனால் அது பின்னாளில் மனத்தாங்கலாகும். துறவியர் தனியே செல்லும் யாத்திரையைப் போலன்றி, இந்தச் சடங்கின் கட்டமைப்பே மூன்று தலைமுறையினரை ஒரே இடத்துக்கு இழுத்தது. குடும்பச் சுற்றுலா என்று இன்று சொல்லப்படுவதன் வேர் ஓய்வில் இல்லை, உறவுகளுக்கு இடையிலான கடமையில்தான் இருக்கிறது.

நாள் குறிப்பதை உழவு தீர்மானித்தது. திண்டுக்கல் சமவெளி ஆற்றுப்பாசன நாடு அன்று. சோளமும் கம்பும் நிலக்கடலையும் மானாவாரியாக விளைய, கிணற்றடித் தோட்டங்களில் புகையிலையும் காய்கறியும் பயிரான வறண்ட நிலம். தை, மாசியில் களம் ஒழிந்து கையில் கொஞ்சம் பணம் புரளும்போது தைப்பூசம் வரும். பங்குனி உத்திரம் வரும்போது உழவு மாடுகளுக்கு வேலை இராது. வீட்டுப் பெரியவர் பஞ்சாங்கம் பார்த்துத் தாய்மாமன் வீட்டுக்கு ஆள் விடுவார். பிறகு யார் யார் வருவது, எந்த வண்டியில் யார் ஏறுவது, கால்நடைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் இருப்பது என்று பேச்சு நாள்கணக்கில் நடக்கும். வீட்டில் தங்குபவருக்கும் பங்கு உண்டு. திரும்பிவரும்போது அவருக்கென்று திருநீறும் பஞ்சாமிர்தமும் தனியாக வரும்.

வண்டி கட்டுவதிலேயே ஒரு வீட்டின் நிர்வாகத் திறமை தெரிந்துவிடும். மேல்மூடி இல்லாத மொட்டை வண்டியின்மேல் மூங்கில் பிளாச்சுகளை வளைத்துப் பாய் வேய்ந்தால் அது கூண்டு வண்டி; அடியில் வைக்கோலை மெத்தைபோல் பரப்பி, அதன்மேல் சாக்கும் ஜமுக்காளமும் விரித்தால், பிள்ளை பெற்ற பெண்ணும் முட்டுவலிக்காரப் பாட்டியும் படுத்துக்கொண்டே வரலாம். அந்த வைக்கோலே மறுநாள் மாட்டுக்குத் தீனி. ஆகவே போகப்போக மெத்தை மெலிந்துகொண்டே வரும். அச்சுக்குக் கீழே ராந்தல் ஒன்று தொங்கும். புளியோதரை இரண்டு நாள் தாங்கும் என்பதால் அதுவே கட்டுச்சோற்றில் முதலிடம் பெற்றது. தயிர்ச்சோறு முதல் வேளைக்கு. அதன்பின் வழியில் கல்கூட்டிப் பொங்க வேண்டியதுதான். அரிசி, பருப்பு, புளி, மிளகாய், உப்பு, எண்ணெய், பாத்திரங்கள், அம்மிக்குழவிக்குப் பதிலாக இடித்து வைத்த பொடி என்று ஒரு சமையலறையே வண்டியேறியது. வீட்டுப் பெண்களுக்குப் பயணம் என்பது அடுப்பின் இடம் மாறுவது மட்டுமே. அடுப்பிலிருந்து விடுதலை இல்லை. இதைப் பழைய யாத்திரைகளைப் புகழ்ந்து எழுதுபவர்கள் கவனிப்பதில்லை.

திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஏற்றிய வண்டியோடு ஒரு சோடி மாடு மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டருக்குமேல் போகாது. வெயிலில் ஓட்டினால் மாடு படுத்துவிடும் என்பதால் மாலை மங்கியபின் புறப்பட்டு, விடியற்காலையில் கிணறும் நிழலும் உள்ள இடத்தில் அவிழ்த்துவிடுவார்கள். அப்படிப்பட்ட இடங்கள் தாமாக அமைந்தவை அல்ல. மதுரை நாயக்கர் காலத்தில், குறிப்பாக 1689 முதல் பதினேழு ஆண்டுகள்போல் தன் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த ராணி மங்கம்மாள், சாலைகள் அமைத்ததற்கும் ஓரங்களில் மரம் நட்டதற்கும் சத்திரங்கள் கட்டியதற்கும் இன்றுவரை நினைக்கப்படுகிறார். சத்திரம் என்பது வழிப்போக்கர் கட்டணமின்றித் தங்கவும், அறக்கட்டளையின் வருமானத்துக்கேற்பச் சிலர் உணவு பெறவும் ஏற்படுத்திய விடுதி. ஆனால் அது எல்லாருக்கும் ஒரேமாதிரி திறந்திருக்கவில்லை: யாருக்குச் சமைத்த சோறு, யாருக்குப் படி அரிசி, யாருக்குத் திண்ணை, யாருக்கு மரத்தடி என்பதைச் சாதி முடிவு செய்தது. தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் அதே நேர்ச்சையோடு அதே வழியில் சென்று, கோயிலுக்குள் நுழைய இயலாமல் அடிவாரத்தோடு திரும்பின. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய ஆலயப் பிரவேசமும், அதைத் தொடர்ந்துவந்த சட்டங்களும் அந்த நிலையை மாற்றத் தொடங்கின. இந்தச் சமவெளியில் குடும்பமாகப் பழனி மலையேறிச் சாமியை நேரில் பார்ப்பது எல்லாக் குடும்பங்களுக்கும் வாய்த்த வழக்கமாக ஆனது அதன்பிறகுதான் என்பதை மறந்து எழுதப்படும் எந்த யாத்திரை வரலாறும் முழுமையாகாது.

வண்டிக் குடும்பங்களோடு கலந்தே காவடிக் கூட்டங்களும் சென்றன. செட்டிநாட்டு நகரத்தார், நானூறு ஆண்டு மரபு என்று தாங்கள் கணக்கிடும் தைப்பூசக் காவடியைக் குன்றக்குடியில் கூடி எடுத்துக்கொண்டு, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியே நடந்து பழனி சேர்கிறார்கள். சமையற் பொருள்களும் முதியோரும் வண்டியில் பின்தொடர்வது அதன் பழைய ஏற்பாடு. சேலம் பக்கத்து எடப்பாடியிலிருந்து வரும் பருவதராஜகுலத்தாரோ, பெண்களும் பிள்ளைகளுமாக வந்து, தைப்பூசம் முடிந்தபின் மலைக்கோயிலிலேயே ஓர் இரவு தங்கும் உரிமையும், வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், பேரீச்சம்பழம் கொண்டு தாங்களே டன்கணக்கில் பஞ்சாமிர்தம் பிசையும் வழக்கமும் உடையவர்கள். ஊரே ஒரு குடும்பம்போல் திட்டமிட்டுப் பயணம் செய்வதற்கு இதைவிடச் சிறந்த சான்று இப்பகுதியில் இல்லை.

இத்தகைய கூட்டங்களின் நிழலாக வாந்திபேதி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும், ஆயிரக்கணக்கானோர் ஒரே குளத்திலும் ஆற்றிலும் குளித்து அதையே குடித்த திருவிழா நாள்களுக்குப்பின் காலரா பரவுவது மதுரை மாவட்ட நிர்வாகத்துக்குப் பழகிப்போன அச்சமாக இருந்தது. வயிற்றுப்போக்கில் நீரிழந்து முதலில் சாவது சிறு குழந்தைகளும் முதியவர்களும். முடியிறக்கப் போன குழந்தையைப் பறிகொடுத்துத் திரும்புவது எந்த வீட்டுக்கும் நேரக்கூடியதாக இருந்த காலத்தில், பயணத்துக்கு நாள் குறித்தவர்களின் துணிவையும் நம்பிக்கையையும் சாதாரணமாக எடைபோட்டுவிடக் கூடாது.

தென்னிந்திய ரயில்வே திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் பாதை திறந்தது 1875-இல். நான்கைந்து நாள் வண்டிப் பயணம் ஒரு பகலாகச் சுருங்கிற்று. ஆனால் மூன்றாம் வகுப்புப் பெட்டி எல்லாரையும் உடனே ஏற்றிக்கொள்ளவில்லை. நெருக்கத்தில் அந்நிய ஆண்களோடு உட்காருவதும், கழிப்பறை இல்லாத பெட்டியில் பல மணி நேரம் அடக்கிக்கொண்டு வருவதும் பெண்களையும் முதியோரையும் வீட்டிலேயே நிறுத்தின. 1890-ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டம் இதில் ஒரு திருப்பம்: ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் மிகக் கீழான வகுப்பில் ஓர் அறையையாவது பெண்களுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்றும், ரயில் ஐம்பது மைலுக்கு, அதாவது 80 கிலோமீட்டருக்கு, மேல் ஓடுமானால் அந்த அறையில் கழிப்பறை இருக்க வேண்டும் என்றும் அது விதித்தது, விதி நடைமுறைக்கு வந்தது 1891-இன் தொடக்கத்தில். திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ஓடிய ரயில் அந்த ஐம்பது மைல் எல்லையைத் தாண்டியது. தண்டவாளம் போட்டதைவிட இந்த விதியே பாட்டிமார்களை ரயிலேற்றியது என்று கொள்வதற்கு இடமுண்டு.

பழனிக்கோ ரயில் வர இன்னும் பல்லாண்டுகள் ஆயின. திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம், பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு மீட்டர் பாதை திறந்தது 1928-இல். இடையிலிருந்த அரை நூற்றாண்டில், தஞ்சையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்த குடும்பங்கள் திண்டுக்கல்லில் ரயிலிறங்கி வாடகை வண்டி பிடித்தன. நகரத்தின் சத்திரங்களும் வண்டிப்பேட்டைகளும் தழைத்தது அந்தக் காலத்தில்தான். புதிய பாதையில் ரயில் ஓடத் தொடங்கியதும் திண்டுக்கல், தங்கிப் போகும் ஊர் என்பதிலிருந்து வண்டி மாறும் ஊர் என்பதாக மாறிற்று.

சமவெளியின் இன்னொரு குடும்பப் பயணம் முற்றிலும் வேறு காரணத்தால் பிறந்தது. 1830-களில் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் வந்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த போதகர் குடும்பங்கள், வெப்பத்தாலும் நோயாலும் பிள்ளைகளையும் மனைவியரையும் இழந்துகொண்டிருந்தன. அவர்கள் 1845-இல் பழனி மலையின் மேற்பரப்பில் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகளைக் கட்டியதிலிருந்து கொடைக்கானல் என்ற ஊர் தொடங்குகிறது. 1875-க்குப் பின் அங்கே செல்வதற்கு, இன்று கொடைக்கானல் ரோடு என்று பெயர் மாறியிருக்கும் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளம்வரை இரவு முழுவதும் மாட்டுவண்டியில் படுத்துக்கொண்டே போய், கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு என்ற அடிவாரத்தில் விடிந்தபின், ஆண்கள் மட்டக்குதிரையிலும் பெண்களும் குழந்தைகளும் கூலியாட்கள் தூக்கும் நாற்காலியிலும் மலைப்பாதை ஏற வேண்டும். மூட்டை முடிச்சுகளும் பாத்திரங்களும் தொட்டிலும் பிறர் தலைமேல் ஏறின. சுமந்தவர்களும் இதே சமவெளிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். குளிர் மலையைப் பலர் முதலில் பார்த்தது அடுத்தவர் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டுதான்.

மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளைத் தடுத்து உண்டாக்கிய ஏரி, அந்த ஊரின் இயல்பையே மாற்றியது. ஏறக்குறைய 60 ஏக்கர் பரப்புள்ள அதில் விடுவதற்கு முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தவரும் அவரே என்று சொல்லப்படுகிறது. 1890-இல் படகுக் குழாம் ஒன்று அமைந்தது. ஆனால் அது உறுப்பினர்களுக்கானது. 1914-இல் மேஜர் லா என்பவர் வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து அமைத்து முடித்த மலைச்சாலை 1916-இல் மோட்டார் வண்டிகளுக்குத் திறந்தது. 1932 மே மாதத்திலிருந்து படகுகள் பொதுமக்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் வாடகைக்குக் கிடைத்தன. இந்த இரு தேதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்: சாலை மலையைப் பொதுவாக்கியது, படகு ஏரியைப் பொதுவாக்கியது. பழனியில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு குழந்தைகள் மறுநாள் கொடைக்கானல் ஏரியில் தாத்தா மடியில் உட்கார்ந்து படகில் போகும் காட்சி, நேர்ச்சையும் உல்லாசமும் ஒரே பயணத்துக்குள் வந்துவிட்டதன் கண்கூடான அடையாளம். பழனி, கொடைக்கானல் இரண்டும் திண்டுக்கல்லும் 1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்து ஒரே மாவட்டமாயின. குடும்பங்களின் பயணத் திட்டமோ அதற்கு வெகுகாலம் முன்பே அவற்றை ஒன்றாக்கியிருந்தது.

கடல் இந்தச் சமவெளியிலிருந்து தொலைவு. ஆயினும் கப்பற்பயணம் அதற்கு அந்நியமாக இருக்கவில்லை. காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்வருவது முதியோரின் வாழ்நாள் ஆசை. 1902-இல் மண்டபம்வரை ரயில் வந்தபின்னும், பாம்பன் நீரிணையைப் படகில் கடந்தே தீவுக்குப் போக வேண்டியிருந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தபோது, சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர் நீராவிக் கப்பலும் ஒரே பயணச்சீட்டில் இணைந்த போட் மெயில் வழி உருவாயிற்று. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற மூன்று கப்பல்கள் அதற்கென்றே வந்தன. 1930-இல் புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குக் குறுக்குப்பாதை முழுமை பெறும்வரை அந்த ரயில் திண்டுக்கல்லையும் மதுரையையும் தொட்டே சென்றது. அதில் ஏறிய சமவெளிக் குடும்பங்களில் கதிர்காமம் போனவர்களும் வணிகர்களும் உண்டு என்றாலும், மிகப் பெரிய கூட்டம் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற மூன்றாம் வகுப்புப் பயணிகள். கங்காணி, அதாவது ஆள்சேர்த்து மேய்க்கும் மேஸ்திரி, பின்னே கணவன், மனைவி, பிள்ளைகள், கிழவர்கள் என்று வீடாகவே புறப்பட்டு, மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நாள்கணக்கில் அடைபட்டுக் கடல் தாண்டியவர்கள். மூன்று தலைமுறை ஒன்றாகக் கப்பலேறியதென்றால் தமிழ் வரலாற்றில் முதலில் நினைவுக்கு வர வேண்டியவர்கள் இவர்கள்தாம். 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் இலங்கைப் போர்ச்சூழலில் 1984-இல் நின்றுபோயிற்று.

கேளிக்கைப் பூங்காவுக்கு முன்னோடியைத் தேடினால் திருவிழாவுக்குத்தான் போக வேண்டும். திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயிலின் மாசித் திருவிழாவானாலும் பழனியின் பங்குனி உத்திரமானாலும், சாமி பார்த்து முடிந்த குழந்தையின் கண் ராட்டினத்தின்மேல்தான் இருக்கும். நான்கு மரத்தொட்டில்களைக் கொண்ட தொட்டி ராட்டினத்தை இரண்டு ஆட்கள் காலை உந்திக் கையால் சுற்றுவார்கள். குடைபோல் விரிந்து கிடைமட்டமாகச் சுழலும் குடை ராட்டினத்தில் மரக்குதிரைகள் தொங்கும். குழந்தை மேலே போகும்போது கீழே நிற்கும் பாட்டி அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும், அது கையாட்டுவதும் சுற்றுக்குச் சுற்று நடக்கும். மின்சாரம் வந்தபின் இரும்பு ராட்டினம் பெரிதாயிற்று. மோட்டார் சைக்கிள் ஓட்டும் மரணக்கிணறும் சர்க்கஸ் கூடாரமும் கூடவே சேர்ந்தன. கோயிலையும் கேளிக்கையையும் ஒரே பயணத்தில் சேர்ப்பதை இந்த ஊர்களில் யாரும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

விடுதலைக்குப் பிந்திய காலத்தில் அரசு கட்டியவையும் பயணத் தலங்களாயின. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையும் அதன் பூங்காவும் பள்ளிப்பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஒருநாள் பயணமாயிற்று. ஆனால் நடக்க முடியாதவர்களைப் பொறுத்தவரை இந்தக் காலத்தின் பெரிய நிகழ்ச்சி 1966-இல் பழனி மலையில் இழுவை ரயில், மக்கள் சொல்வதுபோல் வின்ச், ஓடத் தொடங்கியதுதான். ஏறக்குறைய எழுநூறு படிகள், அல்லது சரிவு குறைவான யானைப்பாதை. இவற்றில் ஏற இயலாத முதியவர், பேரனின் முடியிறக்கத்துக்கு வந்தும் அடிவாரத்துத் திருஆவினன்குடியோடு நின்று, மலையை நோக்கிக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவதே வழக்கமாயிருந்தது. இளவட்டங்கள் முதுகில் சுமந்து ஏற்றிய வீடுகள் உண்டு. கம்பிவடம் கட்டிச் சரிவில் இழுக்கும் அந்தச் சிறு பெட்டி எட்டு நிமிடம் போல் எடுத்துக்கொண்டு அவர்களை மேலே சேர்த்தது. பின்னர் மேலும் இரண்டு பாதைகள் வந்தன. 2004 நவம்பரில் ரோப்கார், அதாவது வடத்தில் தொங்கிச் செல்லும் பெட்டி, மூன்று நிமிடத்தில் அதே வேலையைச் செய்தது. வின்சுக்கான வரிசையில் பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே ஆர்வம்; ஒருவருக்கு அது தரிசனத்துக்கான வழி, மற்றவருக்கு அது தானே ஒரு ராட்டினம்.

வண்டியின் இடத்தைப் பேருந்தும் பிறகு வாடகை வேனும் பிடித்தன. திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் ராணி மங்கம்மாள் பெயரை 1997 வரை தாங்கி நின்றதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. சத்திரம் கட்டியவரின் பெயரைச் சுமந்த பேருந்துகளே சத்திரத்தில் தங்கவேண்டிய தேவையை ஒழித்தன. வேன் பயணத்திலோ பழைய வண்டிப் பயணத்தின் அமைப்பு அப்படியே மீண்டது. நாள் குறிப்பது அறுவடையிலிருந்து பள்ளியின் முழுப்பரீட்சை விடுமுறைக்கு மாறியதே தவிர, பெரியவர் தீர்மானிப்பதும், தாய்மாமனுக்கு முன்சீட்டு ஒதுக்குவதும், கூரைமேல் பாத்திரமும் எரிவாயு அடுப்பும் ஏற்றுவதும், சாலையோரப் புளியமரத்தடியில் நிறுத்திப் பெண்கள் சமைப்பதும் தொடர்ந்தன.

உலகில் கேளிக்கைப் பூங்காவின் புதிய வடிவம் 1955-இல் கலிபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்டோடு தொடங்குகிறது. கதையொன்றைக் கருப்பொருளாகக் கொண்டு விளையாட்டுகளையும் தெருக்களையும் அமைப்பது அதன் முறை. இந்தியாவில் டெல்லியின் அப்பு கர் 1984-இலும், தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா 1995-இலும் வந்தன. திண்டுக்கல் குடும்பங்களுக்கு அருகில் வாய்த்தவை, மதுரைச் சாலையில் பரவையில் உள்ள அதிசயம் பூங்காவும் மேட்டுப்பாளையத்துக்கு அருகே நீலகிரி அடிவாரத்தில் உள்ள பிளாக் தண்டரும். இவற்றால் குழந்தைகளுக்குக் கிடைத்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பயணத்தின் நெடுங்கால வரலாற்றில் இவை ஒரு பின்னடைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்: உயர அளவுகோல் சிறு குழந்தைகளைத் தடுக்கிறது, இதயநோயும் முதுகுவலியும் உள்ளவர்கள் ஏறக்கூடாது என்ற பலகை முதியோரைத் தடுக்கிறது, நுழைவுக்கட்டணம் கட்டி உள்ளே வந்த தாத்தாவும் பாட்டியும் செருப்புகளையும் மாற்றுத் துணிகளையும் காவல் காத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். வின்ச் சேர்த்துவைத்தவர்களைச் சறுக்குக்குளம் மறுபடி பிரித்தது.

கப்பலையும் பூங்காவையும் ஒரே திட்டத்தில் இணைப்பதன் பொருள் இந்த இடத்தில்தான் விளங்கும். டிஸ்னி நிறுவனம் 1998-இல் தன் முதல் கப்பலைக் கடலில் விட்டபோது, பூங்காவில் சில நாளும் கப்பலில் சில நாளுமாக ஒரே விடுமுறையை விற்றது. தமிழ்நாட்டில் 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பல் பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார், 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது, 1984-இல் அறுந்த கடல்வழி வேறொரு துறையில் மீண்டும் கட்டப்பட்டது. திண்டுக்கல்லில் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. அங்கே துறைமுகத்தில் ஏறியபின், தங்கும் அறை, உணவுக்கூடம், மேல்தளம் எல்லாம் மின்தூக்கி எட்டும் தூரத்தில் இருக்க, ஊர்தான் நகர்கிறது, மனிதர்கள் நடக்க வேண்டியதில்லை.

இதைத் திட்டமிடும் குடும்பம், முன்பு வண்டி கட்டியவர்கள் கேட்ட கேள்விகளையே கேட்கிறது: யாருக்குக் கீழ்ப்படுக்கை, யாருடைய மருந்து எந்தப் பையில், யார் அடையாள அட்டைகளை வைத்திருப்பது, அயல்நாட்டுத் துறையானால் பாட்டிக்குப் பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா, மாட்டைப் பார்த்துக்கொள்ள யார் இருப்பது. செலவு இன்னும் பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாதது. சைவச் சாப்பாட்டுக்காரரான பெரியவருக்கு அங்கே எது கிடைக்கும் என்பதைப் பற்றிய தயக்கமும் உண்மையானது. ஆனால் இந்தச் சமவெளியின் பயண வரலாற்றில் இதற்குமுன் நிகழாத ஒன்று அங்கே நிகழ்கிறது. கட்டுச்சோறு கட்டியவர்களும், சத்திரத்தில் கல்கூட்டியவர்களும், புளியமரத்தடியில் எரிவாயு அடுப்பைப் பற்றவைத்தவர்களும் ஆகிய நடுத்தலைமுறைப் பெண்கள், தங்கள் மாமியாரும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்க, மூன்று வேளையும் பிறர் சமைத்துப் பரிமாறியதை உட்கார்ந்து உண்கிறார்கள்.